துண்டை எடு, அண்ணே

பஜாரில் மிளகு விலையை வாயால் சொல்பவன் தரகனே இல்லை. இது என் அண்ணன் மொய்து சொன்னது. அவர் வாழ்நாளில் பேசிய ஏழெட்டு வாக்கியங்களில் இதுவும் ஒன்று.

கொச்சி மட்டாஞ்சேரியில் பாண்டிகசாலை என்கிற சரக்குக் கிடங்குகளின் முற்றங்களுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குவித்துப் போட்ட மிளகுக்கு முன்னால் வாங்குகிறவரும் தரகரும் எதிரெதிரே நின்று கைகொடுப்பார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு விழும். துண்டு விழுந்துவிட்டால் பேச்சு கிடையாது. அடியில் விரல் விரலைப் பிடிக்கும், அழுத்தும், உதறும். சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம், அவ்வளவுதான். துண்டு விலகும்போது விலை முடிந்திருக்கும். அண்ணனுடைய முகத்தில் ஊகிக்கவும் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் சேட்டுமார் அவரைத் தேடி வந்தார்கள்.

இந்த மனுஷனுக்குத்தான் காது கேளாத பெண் பிறந்தாள்.

மைமூன் கைக்குழந்தையாக இருந்தபோது துறைமுகத்தில் கப்பல் ஊதினால் தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் வீரிட்டு அழும். இவள் மட்டும் தூங்குவாள். "என் புள்ளே எம்புட்டு சமத்து பாரு" என்று சுலைஹா மச்சி என்னிடம் பெருமையடிப்பாள். மச்சி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அந்தப் பெருமையின் மேல் மண் விழுந்தது, பிள்ளைக்கு இரண்டரை வயதாகியும் ஒரு சொல் வராமல், எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் படகேறிப் போன அன்றைக்கு.

நான் ரம்லத். எங்கள் குடும்பத்தில் ஆண் பெண் இரண்டிலும் சேர்த்து காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். பி.எஸ்ஸி. இயற்பியல். அதைப் படிக்கத்தான் பாலக்காட்டுப் பக்கத்துப் புதுநகரத்திலிருந்து வந்து அண்ணன் வீட்டில் தங்கினேன். படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் அங்கேயே இருந்தேன். பெண் பார்க்க வந்த ஒருவன், "இவ்வளவு படிச்ச பொண்ணு சோறு வைக்குமா?" என்று கேட்டான். "உங்க வீட்டுல சோறு வைக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா, பாவம்" என்றேன். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நிம்மதி.

எண்பத்திரண்டாம் வருஷம், மழை தொடங்குவதற்கு முன்பு, ஆஸ்பத்திரியில் மைமூனுக்கு ஒரு மிஷின் கொடுத்தார்கள். சிகரெட் பாக்கெட் அளவு பெட்டி. அதன் தலையில் சல்லடை மாதிரி சின்னச் சின்னத் துளைகள். பெட்டிக்குள் பென்டார்ச் செல். பெட்டியிலிருந்து ஒரு வயர் மேலே போய் காதில் முடியும். காதுக்குள் அளவெடுத்துச் செய்த அச்சு. பெட்டி நெஞ்சில் தொங்கும். அந்த அளவு பலமுள்ள மிஷின் அப்போது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத பொருள். யாரோ புண்ணியவான்கள் ஆஸ்பத்திரிக்குத் தந்திருந்த சில மிஷின்களில் ஒன்று அது. இரவல்தான்.

அங்கே இருந்த டீச்சர் ஸ்வர்ணலதா, பாலக்காட்டு ஐயர் வீட்டுப் பெண். எங்களைப் போலவே வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"நன்னா கேட்டுக்கோங்கோ" என்றார். "மிஷின் சத்தத்தைத்தான் தரும், பேச்சைத் தராது. சத்தத்தைப் பேச்சா மாத்தற ஜோலி அம்மாவுக்கும் அப்பாவுக்கும். கார்த்தால கண்ணு முழிச்சதுலேர்ந்து குழந்தைகிட்ட பேசிண்டே இருக்கணும். தோசை வார்த்தா தோசையைப் பத்தி, காக்கா வந்தா காக்காயைப் பத்தி. ஓணம் கழிஞ்சு சோதனை. பிரயோஜனம் உண்டுன்னா மிஷின் இவளுக்கே. இல்லேன்னா வெளியில ஒரு குழந்தை காத்துண்டிருக்கு, அதுக்குப் போயிடும். எங்கே குழந்தையோட அப்பா?"

"சந்தைக்குப் போயிருக்காங்க டீச்சர்" என்றாள் மச்சி.

"அப்பாவுக்கும் வாய் உண்டோல்லியோ?"

மச்சி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து சுலைஹா மச்சி பேசினாள். ஐயோ, என்னமாய்ப் பேசினாள்! மீன் கழுவும்போது மீனோடு பேசுகிற மாதிரி பிள்ளையோடு பேசினாள். "இது சாளை. இது வால். இது செதிலு. பாரு மைமூன், செதிலு பறக்குது!" ஊதினால் அடுப்பு, ஊற்றினால் தண்ணீர், மடித்தால் துணி. தொண்டை கட்டி, கஷாயம் குடித்து, கஷாயத்தைப் பற்றியும் பேசினாள். எதிர் வீட்டுக் கொங்கணிப் பெண்பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள். "சுலைஹாவுக்கு ஜின்னு பிடிச்சிருக்கு" என்று கீழே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. "ஜின்னை இறக்கிடலாம், உங்க வாயை யாரு இறக்குறது?" என்று நான் மாடியிலிருந்து கத்தினேன்.

மைமூன் மட்டும் எதற்கும் திரும்பவில்லை.

அண்ணனோ, தன் பங்குக்கு இரண்டு காரியம் செய்தார். ஒன்று, எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் செல் வாங்கி வந்தார். செல் தீர்ந்துபோய் மிஷின் ஒருநாள்கூட நின்றதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாவது, மிஷினுக்கு ஒரு பை தைத்தார். எங்கள் வீடு ஒரு கிடங்கின் மேல்மாடி. மிளகுத் தூசியும் சுக்குத் தூசியும் மரத்தளத்தின் இடுக்கு வழியாக ஏறி வந்துகொண்டே இருக்கும். தண்ணீர்க் குடத்தில்கூட மிதக்கும். "தூசி போனா மிஷின் போச்சு" என்று சொல்லி, தன்னுடைய பழைய பேரத் துண்டு ஒன்றை நாலு மடிப்பாக மடித்து, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்து, மேலே மூடி வைத்து, கயிறு கோத்துக் குழந்தை கழுத்தில் போட்டார். வயருக்கு மட்டும் ஒரு ஓரத்தில் துளை. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தார். அதற்கு மேல் மைமூனின் சட்டை. யார் கண்ணிலும் படாது.

விலை உள்ளதை மூடித்தான் வைக்க வேண்டும். அது அவர்கள் தொழிலில் ரத்தத்தில் ஊறிய பாடம்.

சந்தையிலிருந்து வந்ததும் மகளை மடியில் வைத்துக்கொள்வார். தோளில் கிடக்கும் துண்டு இறங்கி இரண்டு பேர் கைகளையும் மூடும். அடியில் அவர்களுக்கு மட்டும் தெரிந்த பாஷை. சுண்டுவிரலைப் பிடித்தால் பால். இரண்டு விரலைச் சேர்த்து அழுத்தினால் வெளியே கூட்டிப் போ. உள்ளங்கையில் சுரண்டினால் என்னவோ ரகசியம், இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். அழகுதான். எனக்கு வயிறு எரியும்.

"அண்ணே, வாயைத் திறந்து பேசுங்க. டீச்சர் சொன்னாங்கல்ல?"

"அவதான் பேசுறாளே."

"அவங்க பேசுறது அவங்க பங்கு. உங்க பங்கு?"

அண்ணன் செல் டப்பாவைக் காட்டினார். நல்ல நியாயம்! பொம்பளைக்குத் தொண்டை, ஆம்பளைக்குச் செல். இந்த நாட்டில் எந்த வேலையையும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள்.

மழைக்காலத்து நடுவில் ஒருமுறை பிள்ளையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அன்று மச்சி மைமூனுக்குப் பெருநாளுக்கு எடுத்த கவுனைப் போட்டாள். அழுக்கேறிய பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பையைக் கழற்றிவிட்டு, பெட்டியை கவுனுக்கு மேலே பின் குத்தி மாட்டினாள். டீச்சர் மைமூனுக்குப் பின்னால் போய் நின்று ஒரு சின்ன மத்தளத்தைத் தட்டினார்.

மைமூன் திரும்பினாள்.

மச்சி "அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் மறுபடி தட்டினார். மறுபடியும் திரும்பினாள். புருவத்தைச் சுருக்கி, யாரோ தன்னைத் தொட்ட மாதிரி பார்த்தாள்.

"கேக்கறது! ஆத்துல எப்படித் திரும்பறா?"

"வீட்டுல திரும்புறதே இல்லையே டீச்சர்" என்றாள் மச்சி.

டீச்சர் மத்தளத்தை மேஜைமேல் வைத்தார். "இங்கே திரும்பறா, ஆத்துல திரும்பலேன்னா, கோளாறு ஆத்துலதான். என்னன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். சோதனைக்கு இனி ரொம்ப நாளில்லை."

படகில் திரும்பி வரும்போது எனக்கு முகமெல்லாம் கொதித்தது. கோளாறு வீட்டிலாம்! தொண்டை கிழியப் பேசுகிறாள் ஒருத்தி. அப்புறம் யோசித்தேன். ஆமாம், வீட்டில்தான் கோளாறு. அந்தக் கோளாறுக்கு மீசை இருக்கிறது. அன்று அண்ணனோடு சண்டை போட்டேன். "நீங்க ஒரு வார்த்தை பேசினாத்தான் பிள்ளைக்குக் காது திறக்கும்" என்றேன், என்னவோ மந்திரவாதி மாதிரி. அவர் எழுந்து போய்விட்டார். மச்சி என்னைத் திட்டினாள். சண்டையால் ஒன்றும் நகரவில்லை. ஓணம் நெருங்கியது. மச்சி ராத்தொழுகையில் அழுவது பாயைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு மத்தியானம். மச்சி மைமூனைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனாள். கழற்றி வைத்த மிஷின் பையோடு கட்டிலில் கிடந்தது. வயரின் முனை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் பிள்ளை என்னதான் கேட்கிறாள்?

அந்தக் கேள்வி எனக்கு அதுவரை ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் என்மேல் கோபம் வருகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தேடிப் பிடித்து நன்றாகக் குறைத்தேன். இல்லாவிட்டால் என் காது பஞ்சராகியிருக்கும். அச்சைக் காதோரம் வைத்து அழுத்தினேன்.

கர்ர்ர். கரகர. சர்ர்ர்.

சாக்கு மூட்டையைத் தரையில் இழுக்கிற சத்தம். யார் இழுக்கிறார்கள்? யாரும் இல்லை. நான் மூச்சு விட்டால் கரகர. பையைக் கொஞ்சம் நகர்த்தினால் இடி. "மைமூன்" என்று சொல்லிப் பார்த்தேன். என் குரல் எங்கோ அடியில், நாலு கம்பளிக்குள் முக்கி எடுத்த மாதிரி 'ம்ம்' என்று வந்தது.

பையின் மூடியைப் பிரித்து பெட்டியை வெளியே உருவினேன்.

யா அல்லாஹ்! மொத்த மட்டாஞ்சேரியும் காதுக்குள் இறங்கியது! கைவண்டிச் சக்கரம், ஐஸ் உடைக்கிற சத்தம், காக்கை, யாரோ யாரையோ "டா" போட்டுத் திட்டுவது, குளியலறையில் மச்சி "இது சோப்பு, இது நுரை" என்பது, படகுத்துறையில் மணி! எல்லாம் பளிச் பளிச்சென்று, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி!

கேட்பது காதில் இல்லை. பெட்டியின் தலையில் இருக்கும் அந்தத் துளைகளில். அதைத்தான் நாலு மடிப்புத் துண்டால் மூடி, அதற்கு மேல் சட்டையையும் போட்டு வைத்திருந்தோம். பிள்ளை நடந்தால் துணி உரசும். ஓடினால் இன்னும் உரசும். அம்மா இத்தனை மாதம் பேசிய தோசையும் காக்காயும் சாளை மீனும் அந்தக் கரகரப்புக்கு அடியில் செத்துக் கிடந்தன.

"மச்சீ!" நான் போட்ட சத்தத்தில் அவள் ஈரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அச்சை அவள் காதில் வைத்தேன். பெட்டியைப் பையில் போட்டேன். வெளியே எடுத்தேன். திரும்பப் போட்டேன். எடுத்தேன்.

மச்சியின் முகம் மாறியது. முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள். அப்புறம் அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத மாட்டேன். தன் புருஷனைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"பிள்ளைக்குச் சட்டை போடுங்க மச்சி. போவோம்."

"எங்க?"

"பாண்டிகசாலைக்கு."

"பொம்பளைங்க போற இடமா அது, ரம்லத்து?"

"இன்னைக்குப் போற இடம்."

தெருவெல்லாம் மழை நின்ற சேறு. மச்சி தலைத் தட்டத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். மைமூன் என் இடுப்பில். பெட்டி அவள் சட்டைக்கு வெளியே, வெயிலில் பளபளத்தது. வழியெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். மிளகுக் குவியலும் தராசும் ஆட்களுமாக இருந்த முற்றத்துக்குள் நாங்கள் நுழைந்ததும் சுமட்டுக்காரர்கள் தலையில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். "எந்தா மோளே, வழி தெற்றியோ?" என்று ஒருவன் கேட்டான். வழி தவறவில்லை என்று சொல்ல நேரமில்லை எனக்கு.

அண்ணனும் மிளகு வாங்க வந்த குஜராத்துக் கச்சி சேட்டும் குவியலுக்கு முன்னால் கைகோத்து நின்றார்கள். கைகளின்மேல் துண்டு. முற்றமே மூச்சடக்கியிருந்தது.

"அண்ணே."

கண்ணைக்கூட அசைக்கவில்லை. துண்டு விழுந்தால் பேச்சு கிடையாது.

"அண்ணே, துண்டை எடு!"

அன்றுவரை நான் அண்ணனை 'நீ' என்றதில்லை. அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். முற்றம் அதிர்ந்தது. அண்ணன் முகத்தில் முதன்முதலாக எதையோ எல்லோரும் படித்தார்கள். கை விலகியது. துண்டு மிளகின்மேல் விழுந்தது.

"பைத்தியமா உனக்கு? எதுக்குப் பிள்ளையை இங்க..." கண் பெட்டியில் பட்டது. சட்டென்று குனிந்து துண்டை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சை மூட வந்தார். "தூசி! மூடு அதை! எல்லாரும் பாக்குறாங்க!"

மச்சி குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தையில், அத்தனை ஆண்களுக்கு முன்னால்.

"மூடி மூடித்தான் எம்புள்ளெ காதை அடைச்சு வெச்சிட்டீங்க" என்றாள். "அந்தப் பையிலே என்ன கேக்குதுன்னு நான் கேட்டேன். சாக்கு இழுக்குற சத்தம். நான் கத்துனது ஒண்ணுமே அவளுக்குப் போவலை. ஒண்ணுமே! இப்ப திறந்திருக்கு. கூப்பிடுங்க அவளை."

அண்ணன் நின்றார். கையில் துண்டு. அவருடைய பையை அவர் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நெருக்கமான தையல், ஒரு சாயங்கால வேலை.

"நான்... வீட்டுல வந்து..."

"இங்கேயே" என்றேன்.

மைமூனைக் கீழே இறக்கிவிட்டேன். அவளுக்கு எங்கள் சண்டையில் அக்கறை இல்லை. குவியலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, மிளகை அள்ளி அள்ளி விட்டாள்.

"மைமூன்" என்றார் அண்ணன். அவருக்கே கேட்டிருக்காது.

கச்சி சேட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "மொய்தூ! கச்சோடம் நின்னு. எனிக்கு நஷ்டம். இனி விளிக்கடா, ஜோராயிட்டு விளிக்க்!" என்று அதட்டினார். பேரம்தான் போச்சு, கூப்பிடுவதையாவது உரக்கக் கூப்பிடு என்று அர்த்தம்.

அண்ணன் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. முப்பத்தைந்து வருஷம் துண்டுக்கு அடியில் கிடந்த குரல் வெளியே வந்தது.

"மைமூஊஊன்!"

கிடங்கு ஓட்டிலிருந்து புறாக்கள் பறந்தன. மிளகை அள்ளிய கை அந்தரத்தில் நின்றது.

மைமூன் திரும்பினாள்.

தன் பெயரென்று புரிந்து திரும்பவில்லை. அதெல்லாம் ஒரே நாளில் நடக்க இது கதாகாலட்சேபம் இல்லை. சத்தம் என்று புரிந்து திரும்பினாள். சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடினாள். சேட்டைப் பார்த்தாள், சுமட்டுக்காரனைப் பார்த்தாள், கடைசியில் அத்தாவின் திறந்த வாயைப் பார்த்தாள். வாயையே பார்த்தாள். இந்த ஆளுக்குள்ளிருந்தா என்று கேட்பது போலிருந்தது.

"கேட்டு! கேட்டு! குட்டிக்குக் கேட்டு!" என்று முற்றம் முழுக்க ஒரே கூச்சல், பிள்ளைக்குக் கேட்டுவிட்டதாம். சேட் கை தட்டினார். ஒரு சுமட்டுக்காரன் மூட்டையைத் தொப்பென்று போட்டான். ஆளாளுக்கு "மைமூன்! மைமூன்!" என்று கத்தினார்கள். பிள்ளை மிரண்டு வீரிட்டு அழுதாள். "ஒருத்தரும் கத்தாதீங்க! ஒவ்வொருத்தரா!" என்று நானும் கத்தினேன். அண்ணன் அவளை வாரி எடுத்தார். துண்டு காலடியில் மிதிபட்டது. யாரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். பையைப் பிரித்து மெல்லிய வலைத்துணியில் வேறு பை தைத்தாள் மச்சி, துளைகள் இருக்கும் இடம் திறந்திருக்கும்படி. தினமும் காலையில் யாராவது ஒருவர் மிஷினைத் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைக்கு மாட்ட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அண்ணன் பேச உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"என்ன பேசுறது?"

"சந்தையில என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க" என்றாள் மச்சி.

"அதை எப்படி வெளியே சொல்றது?"

"மூணு வயசுப் பிள்ளை போய் சேட்டுகிட்ட சொல்லிடுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தார். "மைமூன், இன்னைக்கு வயநாட்டுச் சரக்கு வந்துச்சு. ஈரம். நான் எடுக்கலை." அவள் அவர் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள். சிரித்தாள். மடியில் விரல் பாஷையும் நின்றுவிடவில்லை. அதைப் பற்றி நான் டீச்சரிடம் போட்டுக்கொடுத்தபோது அவர் என்னைத்தான் அதட்டினார். "விரலை வெட்டச் சொன்னேனா நான்? விரலும் பேசட்டும், வாயும் பேசட்டும். துண்டு மட்டும் வேண்டாம்."

சோதனைக்கு ஒரு விளையாட்டும் சொல்லித் தந்தார். ஒரு சாமானைக் காதோரம் பிடித்துக் காத்திருந்து, சத்தம் கேட்டால் டப்பாவில் போட வேண்டும். கேட்காவிட்டால் போடக் கூடாது. அண்ணன் சட்டைப் பையில் மாதிரிக்குக் கொண்டு வரும் ஜாதிக்காய்கள் இருந்தன. மச்சி பின்னால் நின்று "பா" என்பாள். அண்ணன் மைமூன் கையைப் பிடித்து ஜாதிக்காயைத் தகர டப்பாவில் போடுவார். டங். "ஊ" என்றால் டங். எத்தனையோ நாள் அவர் கைதான் போட்டது. ஒருநாள் மச்சி "மா" என்றதும் அவர் கை நகருமுன் பிள்ளையின் கை நகர்ந்தது. டங்! அந்தச் சத்தத்துக்கு நாங்கள் மூன்று பேரும் எழுந்து குதித்ததில் கீழே கிடங்குக்காரன் மேலே வந்து, தளம் இடிந்ததா என்று கேட்டான்.

சோதனைக்கு அண்ணனும் வந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு இல்லை. அது இல்லாமல் பாதி ஆளாகத் தெரிந்தார்.

வெளியே பெஞ்சில் வல்லார்பாடம் தீவிலிருந்து வந்த ஒரு அம்மா, மடியில் மைமூன் வயதில் ஒரு பெண் குழந்தையோடு இருந்தாள். அவர்கள்தான் அடுத்து. மைமூன் தோற்றால் இந்த மிஷின் அந்தக் குழந்தைக்கு. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மிஷினுக்கு முன்னால் இரண்டு தாய்களை எதிரெதிரே உட்கார வைத்த ஏற்பாட்டின்மேல் வந்த கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் மேஜையில் வண்ண வண்ண பிளாஸ்டிக் வளையங்களையும் ஒரு குச்சியையும் வைத்தார். டீச்சர் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பின்னாலிருந்து "பா" என்றார்.

மைமூன் வளையத்தைக் கடித்தாள்.

"ஊ."

வளையத்தைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். மச்சியின் உதடு துஆ ஓதியது. டீச்சர் கொஞ்சம் உரக்க "மா" என்றார். மைமூன் வளையத்தைத் தரையில் உருட்டிவிட்டு அது ஓடுவதை வேடிக்கை பார்த்தாள். டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தார்.

"நில்லுங்க!"

யார் என்று திரும்பினேன். அண்ணன்! ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு முன்னால், அண்ணன்!

"அவளுக்கு இது என்னன்னே தெரியலை டாக்டர். இதுல வாசமில்லை, சத்தமில்லை. எங்க கணக்கு வேற." சட்டைப் பையில் கைவிட்டு ஜாதிக்காய்களை அள்ளி மேஜையில் போட்டார். டப்பா? டப்பா வீட்டில்! சுற்றும்முற்றும் பார்த்தார். டாக்டரின் பேனாக்கள் நின்ற தகரக் குவளையை எடுத்து, பேனாக்களைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மைமூனுக்கு முன்னால் வைத்தார். "இப்பச் சொல்லுங்க டீச்சர்."

மைமூன் ஜாதிக்காயை எடுத்து மோந்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை காதோரம் போய் நின்றது.

அட்டைக்குப் பின்னாலிருந்து, "பா."

டங்.

"ஊ."

டங்.

அமைதி. ஒன்றும் சொல்லவில்லை டீச்சர். போடாதே, போடாதே. கை அசையவில்லை. காத்திருந்தாள்! கேட்பதற்காகக் காத்திருந்தாள்!

"மா", இந்த முறை மிக மெல்ல.

டங்.

டாக்டர் சிதறிய பேனாக்களைப் பொறுக்க மேஜையடியில் குனிந்தார். நிமிர்ந்தபோது சிரித்தார். "மிஷின் குட்டிக்குத் தன்னெ" என்றார், பிள்ளைக்கேதான் என்று. ஸ்வர்ணலதா டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "இந்த மனுஷர் பேசமாட்டார்னு சொன்னது யாரு?" என்று என்னைப் பார்த்தார். நான் மறுபடி ஜன்னலைப் பார்த்தேன்.

வெளியே வரும்போது வல்லார்பாடத்து அம்மாவுக்கு எங்கள் முகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் நின்றார். அறிமுகமில்லாத பெண்ணிடம் அவர் தானாகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "சேச்சி, மிஷின் கிட்டும்போ மூடி வெக்கருது, கேட்டோ. எங்களுக்குத் தெற்று பற்றிப் போயி." மூடி வைக்காதீர்கள், எங்களுக்குத் தப்பாகிப் போனது என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த மிஷின் எப்போது வரும் என்று நான் திரும்ப உள்ளே போய் டாக்டரைக் கேட்டேன். எழுதிக் கேட்டால் வரலாம் என்றார். யாருக்கு எழுத வேண்டும் என்று விலாசம் வாங்காமல் நான் வெளியே வரவில்லை. டிகிரி வேறு எதற்கு?

திரும்பும் படகில் கூட்டம். அண்ணன் மைமூனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பெட்டியின் துளைகளுக்கு நேரே குனிந்து பேச ஆரம்பித்தார். தண்ணீர், படகு, கொக்கு, கப்பல். எல்லாம் தீர்ந்ததும் அவருக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்கு வந்தார். "மைமூன், நேத்து சேட் என்ன விலை கேட்டாரு தெரியுமா?" சொன்னார். "நான் எவ்வளவுக்கு முடிச்சேன் தெரியுமா?" அதையும் சொன்னார். உரக்க.

படகில் இருந்த பேச்செல்லாம் அடங்கிவிட்டது. எதிரே இருந்த இன்னொரு தரகர் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார். "மொய்துக்கா, ஆருக்கு முடிச்சது? கேக்கலை" என்று படகோட்டும் ஸ்ராங்கு சக்கரத்தைப் பிடித்தபடியே கேட்டான். படகே சிரித்தது. மச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! நாளைக்கு சந்தையில உங்க முகத்துல யாரு முழிப்பா?"

அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். பழக்கத்தில் கை தோளுக்குப் போய்த் துண்டைத் தேடியது. வாயை இறுக மூடினார்.

மைமூன் கொஞ்ச நேரம் அந்த மூடிய வாயைப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி அவர் நெஞ்சில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"ஆ!" என்றாள். சத்தமாக.

அண்ணன் படகிலிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். அந்தத் தரகரையும் பார்த்தார்.

"சரி, கேளு" என்று மகளிடம் ஆரம்பித்தார். "சுக்கு விலை என்னன்னா..."